மணிக்கு எவ்ளோ ஊத்தணும்?

பிரைவேட் ஜெட் வாடகைக்கு விடற ஆபீஸ்ல வேலைன்னா, ஜெட்ல ஏறாமலே நாள் பூரா ஜெட்டைப் பத்திப் பேசற வேலைன்னு அர்த்தம். வாடகை கார், டூரிஸ்ட் பஸ், கல்யாண மண்டபம்னு ஏதோ ஒரு டெஸ்க்ல உக்காந்து "எஸ் சார், அச்சா சார்"னு தொண்டை காயற எல்லாருக்காகவும்தான் இதை எழுதறேன். உங்களுக்குத்தான் இந்த வலி புரியும். ரெண்டு போனுக்கு நடுவுல டைப் பண்றேன். டில்லி மோதி பாக் ஸ்கூல்ல படிச்ச தமிழ். தப்பு இருந்தா என்னைத் திட்டுங்க, டீச்சரை விட்டுடுங்க.

எனக்கு ஜெட்னா உயிர்! எது எவ்ளோ வேகம் போகும், எது எவ்ளோ எண்ணெய் குடிக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனா வேலைக்கு ஆறு மாசம் டிரயல். ஆபீஸ் ஓனர் மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க, ஜனவரி முடியறதுக்குள்ள நீயா ஒரு ஃப்ளைட்டாவது புக் பண்ணணும், இல்லேன்னா டாட்டா. எங்க அப்பா மினிஸ்ட்ரில செக்‌ஷன் ஆபீசர். அன்னிக்கு சாயங்காலமே கவர்மெண்ட் எக்ஸாம் கோச்சிங் ஃபார்ம் ஒண்ணு வாங்கிட்டு வந்து ஃப்ரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒட்டினார். "பறக்கறது பறக்கட்டும். ஃபார்ம் இங்கயே இருக்கும்."

நாலு நிமிஷம்

சேர்ந்த வாரமே ஒரு சார்ட் போட்டேன். எங்ககிட்ட இருக்கற ஆறு ஜெட்டும் வரிசையா, ஒவ்வொண்ணோட முழு வேகமும் சிவப்பு மையில. அவ்ளோ அழகு! முதல் போன், குர்காவ்ல ஒரு பில்டர். லக்னோ போகணுமாம். "சார், இது மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகும்! அது வெறும் எழுநூறுதான்!"னு பத்து நிமிஷம் மூச்சு விடாம பேசினேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "சரி, லக்னோவுக்கு எவ்ளோ நேரம் மிச்சம்?"னார். கணக்குப் போட்டேன். நாலு நிமிஷம். ஹிந்தில அவர் சொன்னதைத் தமிழ்ல அப்படியே தரேன் ('பேட்டா' மட்டும் ஹிந்தி, நம்ம 'கண்ணு' மாதிரி):

"நாலு நிமிஷமா பேட்டா? அதை நான் தௌலா குவான் சிக்னல்லயே தொலைச்சுடுவேனே!"

லிட்டருக்கு எவ்ளோ?

குப்தாஜி நேர்லயே வந்தார். கரோல் பாக்ல டயர் கடை. கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆச்சாம், வீட்டம்மாவை ஜெட்ல திருப்பதி கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. சீட் எப்படி, ஜன்னல் எப்படி, ஒண்ணும் கேக்கல. ஒரே கேள்விதான், "மைலேஜ் எவ்ளோ?"

"மணிக்கு எழுநூறு லிட்டர் சார்"னேன். "மணிக்கணக்கு எனக்கு வேண்டாம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?"னார். கண்ணாடி ரூம்ல மேடம் வாயைப் பொத்திக்கிட்டாங்க. செல்வம் பேனா விழுந்த மாதிரி டெஸ்க்குக்கு அடியில போயிட்டான். செல்வம்தான் எங்க ஃப்ளைட் பிளான் போடற ஆளு. எந்த விமானத்துக்கு எவ்ளோ எண்ணெய்னு சீட்டு எழுதறது அவன் வேலை. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு வகுத்துப் பார்த்து, "ஒண்ணு சில்லறை"ன்னேன். குப்தாஜி விடல. "மெதுவா ஓட்டினா? என் ஸ்கூட்டர் நாப்பதுல போனா எவ்ளோ தரும் தெரியுமா?"

அரே, அது எனக்கே தெரியாதே! ரெண்டு நாள் ஒவ்வொரு ஜெட்டோட புக்கையும் புரட்டினேன். முழு வேகத்துல லிட்டருக்கு எவ்ளோ, நிதான வேகத்துல எவ்ளோன்னு ஆறுக்கும் எழுதிட்டேன். சார்ட்ல புதுசா ஒரு 'காலம்', மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பத்தி. செல்வம் அதுக்கு மேல கொட்டை எழுத்துல 'குப்தாஜி காலம்'னு எழுதி வச்சான். ஆபீஸ் பூரா ஒரு வாரம் அதான் ஜோக். குப்தாஜிக்கு போன் போட்டு சொன்னேன், நிதானமா போனா ஒண்ணேகாலுக்கு மேல தரும்னு.

"ஒண்ணேகாலா! நாங்க ரயில்லயே போயிக்கறோம் பேட்டா, அதுக்கு எண்ணெய் நான் போட வேண்டாம்."

கேப்டன் மணி

செல்வத்துக்கு திருநெல்வேலி. ஆபீஸ்ல நாங்க ரெண்டு பேரும் தமிழ்லதான் கத்திப்போம், யாருக்கும் புரியாதுங்கற தைரியம். எங்களை விட்டா தமிழ் தெரிஞ்சவர் கேப்டன் மணி ஒருத்தர்தான். டீ கூட குடிக்க மாட்டார். ஃபிளாஸ்க்ல சுக்குத் தண்ணி.

சரோஜா மேடம் கரூர்க்காரங்க, ஓக்லால துணி எக்ஸ்போர்ட். போன்ல எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துது. "கேப்டன் மணிதான் ஓட்டுவார், ரொம்ப அனுபவசாலி"ன்னு அப்பதான் சொல்லி முடிச்சேன். அந்த நேரம் பார்த்து அந்தக் கோடியிலேர்ந்து செல்வம் வேற ஏதோ ஃப்ளைட்டுக்காக கத்தறான், "ஏ பிள்ள, மணிக்கு எவ்ளோ ஊத்தணும்?" நானும் போனைப் பொத்தாம திருப்பிக் கத்தறேன், "மணிக்கு எழுநூறு லிட்டர்! ஜல்தி போகணும்னா இன்னும் ஊத்து!"

போன்ல மெதுவா ஒரு குரல்.

"ஏனுங்க அம்மிணி, நான் பஸ்லயே போயிக்கறனுங்க. முதல்ல அந்த மணிக்கு ஊத்தறதை நிறுத்துங்க."

மெதுவா, ஜல்தி

ஜனவரி கடைசி வாரம். இன்னும் ஒரு ஃப்ளைட் கூட புக் ஆகல. அன்னிக்கு டில்லில ஃபாக்னா ஃபாக், அப்படி ஒரு பனிமூட்டம், மூணடி தள்ளி நின்ன கேட் வாட்ச்மேன் முகம் தெரியல. கிளம்பும்போது அப்பா வேற, "கவர்மெண்ட் ஆபீஸ்னா ஃபாக்லயும் சம்பளம் வரும்"னு அனுப்பி வச்சார்.

ஒம்பதரைக்கு போன். சரோஜா மேடம்! குரலே உடைஞ்சிருந்துது. தெற்கே கோடியில ஒரு ஊர்ல, மாப்பிள்ளை வீட்டுல, அன்னிக்கு சாயங்காலம் ஆறரைக்கு அவங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணும் அவ அப்பாவும் முன்னாடியே போயாச்சு. இவங்க புக் பண்ணியிருந்த காலை ஃப்ளைட் கேன்சல். நிச்சயப் புடவை, மோதிரம், தட்டு எல்லாம் இவங்க கையில. அண்ணன் குடும்பத்தோட சேர்த்து ஆறு பேர். "பஸ்லயே போறேன்னு போனை வச்சவ நானு. ஆனா இத்தனை இடத்துக்குப் போட்டேன், முதல் ரிங்ல எடுத்தது நீதான் கண்ணு"ன்னாங்க. போன் எடுக்கறதே பொழப்பா இருக்கற சகாக்களே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் எந்த ஃபாக்லயும் வேலைக்கு வருவேன்.

ஃபாக் விலகி, எங்களுக்கு ரெண்டே காலுக்குக் கிளம்பலாம்னு நேரம் கிடைச்சுது. காலியா இருந்தது ஒரே ஒரு சின்ன ஜெட். அந்த ஊர் ஏர்போர்ட்ல ராத்திரி விளக்கு கிடையாது, ஆறு மணிக்குள்ள இறங்கியாகணும். மதுரைல இறங்கி கார்ல போனா நல்ல நேரம் தாண்டிடும். செல்வம் முழு வேகத்துல கணக்குப் போட்டான். மூணு மணி நேரம் போதும், ஆனா ஆறு பேரும் சாமானும் ஏறினா எடை தாங்காது, அதனால டேங்க் முழுக்க நிரப்ப முடியாது. நடுவுல ஹைதராபாத்ல இறங்கி எண்ணெய் போடணும். அதுல ஒரு மணி நேரம் போயிடும். போய்ச் சேர ஆறே கால். "முடியாது பிள்ள"ன்னான். சரோஜா மேடம்கிட்ட முடியாதுன்னு சொல்ல எங்க ஓனர் மேடம் போனை எடுத்துட்டாங்க.

என் கண்ணு சார்ட்டுலயே இருந்துது. குப்தாஜி காலம்! நிதானமா போனா லிட்டருக்கு ஜாஸ்தி தரும். இருக்கற எண்ணெயே நேரா அங்க வரைக்கும் வரும், இறங்கவே வேண்டாம்! கணக்குப் போட்டேன். பறக்கற நேரம் இருபத்தஞ்சு நிமிஷம்தான் கூட. அஞ்சு நாப்பதுக்குத் தரையில. அவசரத்துக்குன்னு ஒதுக்கற எண்ணெயையும் சேர்த்து செல்வம் மூணு தடவை சரி பார்த்தான். நாலாவது தடவை கேப்டன் மணி பார்த்தார். ஃபிளாஸ்க்கை மூடிட்டு எழுந்தார்.

"மெதுவா போனாத்தான் சீக்கிரம் போலாம். போலாம்."

குப்தாஜிக்கு நன்றி

ஏர்போர்ட்ல ஏத்தி விட நானே போனேன். சரோஜா மேடம் ஏணிப்படில கால் வைக்கறதுக்கு முன்னாடி கேப்டனை ஏற இறங்கப் பார்த்தாங்க. "மணிங்கறது நீங்கதானுங்களா?" அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து நீட்டினார். சுக்கு வாசனை. மேடம் ஏறிட்டாங்க.

ஆபீசுக்கு ஓடி வந்ததுலேர்ந்து, ஜெட் எங்க பறக்குதுன்னு காட்டற ஸ்கிரீனை விட்டு நான் கண்ணை எடுக்கல. அந்தக் குட்டிப் புள்ளி ஆமை மாதிரி ஊர்ந்துது. மெதுவா போற ஜெட்டைப் பார்த்து ஒருத்தி கை தட்டினான்னா அது நானாத்தான் இருக்கும். அஞ்சு முப்பத்தெட்டுக்கு இறங்கிடுச்சு! நான் அழுதுட்டேன். செல்வம் பேனா விழுந்த மாதிரி மறுபடியும் டெஸ்க்குக்கு அடியில போயிட்டான். ஆனா இந்தத் தடவை சிரிக்கறதுக்கு இல்லைன்னு நினைக்கறேன். ஓனர் மேடம் கண்ணாடி ரூம்லேர்ந்து வெளியே வந்து, இனிமே எல்லா சார்ட்லயும் குப்தாஜி காலம் இருக்கணும், அடுத்த வாரம் உன் பேர்ல விசிட்டிங் கார்டு அடிக்கறேன்னாங்க.

உடனே குப்தாஜிக்கு போன் போட்டு, நடந்ததெல்லாம் சொல்லி நன்றி சொன்னேன்.

"பார்த்தியா! இதையே என் பையனுக்கும் போன் பண்ணிச் சொல்லு பேட்டா. அவன் கார் ஓட்டற லட்சணம் எனக்குத் தாங்கல."

அப்புறம்

அப்பாவோட ஃபார்ம் இன்னும் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. பின்பக்கம் மளிகை லிஸ்ட் எழுத ஆரம்பிச்சுட்டார். அவர்கிட்டேர்ந்து வாழ்த்து அவ்ளோதான் வரும், எனக்கு அது போதும். இருங்க, போன் அடிக்குது... ராங் நம்பர். எங்க விட்டேன்? ஆங், அன்னிக்கு ஏழேமுக்காலுக்கு சரோஜா மேடம்கிட்டேர்ந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னாடி நாதஸ்வரம். நானும் செல்வமும் அதை எத்தனை தடவை கேட்டோம்னு கணக்கு இல்ல.

"தட்டு மாத்தியாச்சு அம்மிணி. மணிக்கு ரெண்டு டம்ளர் பாயசம் ஊத்தியாச்சு."

வேகம் வேகம்னு ஆறு மாசம் தொண்டை கிழியக் கத்தினவ கடைசியில வித்தது, சகாக்களே, மெதுவா போறதை மட்டும்தான்.