கூட்டிச் சொல்வதற்குப் பத்துச் சொல்

சொல் விற்றுப் பிழைப்பவன், வாங்கியவர் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. டியூஷன் எடுத்து வயிறு கழுவும் சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியாததல்ல. நான் யாங்கூனில் சீனர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தருகிறேன். இளவயதில் இங்கே சீனர் பேட்டையான லத்தாவில் ஒரு சீனர் கடையில் பத்து வருஷம் நின்றதால் சீனம் வாயில் வரும். பிறந்த தமிழை வைத்து இங்கே ஒரு லெப்பெயே டீகூட வாங்க முடியாது.

சாம்பிள் அறை வகுப்பு

ஊர் ஓரத்தில், ஆலைகள் நிறைந்த லைங் தாயாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாம்பிள் சட்டைகள் தொங்கும் அறையில் ஒரு மணி நேரம் வகுப்பு. மாணவர்கள் நாலு பேர், நாலு பேரும் சீன மேலாளர்கள். அவர்களில் உற்பத்தியைப் பார்க்கும் மிஸ் லின்தான் கெட்டி. சொன்னதை எழுதிக்கொள்வார், எழுதியதை மறுநாள் ஒப்பிப்பார். வகுப்பு போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொழிலாளிகள் பர்மியத்தில் எழுதிப் புகார்ப் பெட்டியில் போடும் சீட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்கும் பையர் அந்தச் சீட்டுகளைக் கேட்பார், பதிலும் கேட்பார்.

முதல் நாளே மிஸ் லின் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாத்தியாரைப் பர்மியத்தில் அழைக்கும் ‘சயா’ போட்டுக் கேட்டார்: “சயா, தொழிலாளிகள் பெரிதாக்கிச் சொல்கிறார்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் இருக்கிறது? ஒரே சொல்லைப் போட்டுப் போட்டு பையருக்கு எங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.”

அட்டை

சீனத்தில் ‘குவாதா’ என்று ஒரே சொல்லில் முடியும் காரியம். நானோ சட்டைப் பெட்டி அட்டையில் பத்து ஆங்கிலச் சொல் எழுதி, கீழே சீனத்தில் விளக்கமும் போட்டு, சுவரில் மாட்டினேன். தரம் வேறு பிரித்தேன். ‘ஓவர்ஸ்டேட்’ முதல் தரம்: கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று நயமாகச் சொல்வது. ‘எக்ஸாஜரேட்’ இரண்டாம் தரம்: முகத்துக்கு நேரே சொல்வது. ‘ப்ளோன் அவுட் ஆஃப் ப்ரொபோர்ஷன்’ மூன்றாம் தரம்: ஒன்றுமில்லாததை ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று புகாரையே குழிதோண்டிப் புதைப்பது.

பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து என் தங்கை பாக்கியத்திடம்கூட மூன்று தரத்தையும் ஒப்பித்துக் காட்டினேன். அவள் அதே தொழிற்சாலையில் அயர்ன் பிரிவில் நிற்கிறாள். அங்கே அவளுக்குப் பர்மியப் பெயர், மா தண்டா. சீட்டைப் பெயர்ப்பவனுக்கு உள்ளே உறவு இருக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம், அதனால் நாங்கள் வாசலைத் தாண்டினால் அண்ணன் தங்கை இல்லை.

வகுப்பில் கட்டிங் பிரிவைப் பார்க்கும் மிஸ்டர் சாவ் மட்டும் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “பத்து இருக்கிறது சயா. ‘அவர்கள் சொல்வது நிஜம்’ என்பதற்கு ஒன்றுகூட இல்லையே?”

நம் சரக்கு

தொழிற்சாலையைப் பற்றி பையர்களுக்கு ஒரு வண்ணப் புத்தகம் அச்சடித்தார்கள். இரண்டே ஜன்னல் உள்ள அயர்ன் பிரிவுக்கு ‘வேர்ல்ட் கிளாஸ்’ காற்றோட்டம் என்று மிஸ் லின் எழுதியிருந்தார். இதுதான் எக்ஸாஜரேட் என்று அட்டையைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, எனக்குப் பாடம் எடுத்தார்: “நாம் சொன்னால் அது மார்க்கெட்டிங், சயா. அவர்கள் புகார்ப் பெட்டியில் போட்டால்தான் எக்ஸாஜரேட்.”

பயிற்சி வாக்கியம்

பாடப்புத்தகம் இல்லாத வகுப்பு, உதாரணத்துக்கு எங்கே போவது? என் மடத்தனம், கையிலிருந்த புகார்ச் சீட்டுகளையே எடுத்தேன். நான் ஒரு சீட்டைப் படிப்பேன். அட்டையிலிருந்து ஒரு சொல்லைப் போட்டு அதை அவர்கள் மறுத்து எழுத வேண்டும். நான் திருத்தித் தருவேன். ஒரு நாள் வந்த சீட்டில் இப்படி இருந்தது: கரண்ட் போனால் ஜெனரேட்டரில் மெஷின் ஓடுகிறது, ஃபேன் ஓடுவதில்லை, நேற்று அயர்ன் பிரிவில் ஒருத்தி மயங்கி விழுந்தாள், ஃபேனையும் ஜெனரேட்டரில் சேர்த்துக் கொடுங்கள்.

பெயர் போடாத சீட்டு. ஆனால் கையெழுத்து பாக்கியத்தினுடையது. விழுந்தவளும் அவள்தான். முந்தின நாள் சாயங்காலம், தொழிலாளிகளை ஏற்றிவரும் ஃபெர்ரி வண்டியிலிருந்து இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். நெற்றி வீங்கியிருந்தது, நான்தான் ஐஸ் வைத்தேன். அந்தச் சீட்டை நான் வகுப்பில் ஒதுக்கியிருக்கலாம். அது நிஜம் என்று வாயைத் திறந்தால் உறவு வெளிப்பட்டு அவள் வேலை போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். என் வேலை போய்விடும் என்ற பயம்தான். வாய் குழறாமல் படித்தேன். மிஸ் லின் மூன்றாம் தரத்தைப் போட்டு அழகாக மறுத்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, ‘வெரி குட்’ எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அவர் நோட்டை வாங்கிக்கொண்டு சிரித்தார்: “நீங்கள் திருத்தினால் எனக்குத் தைரியம், சயா.”

அறிவிப்புப் பலகை

இரண்டு வாரம் கழித்து பையருக்குப் போன பதிலின் நகலை மிஸ் லின் என்னிடம் நீட்டினார். பயிற்சி நோட்டில் இருந்த அதே வாக்கியங்கள், நான் திருத்திய எழுத்து உட்பட. மயங்கி விழுந்த செய்தி ஊதிப் பெரிதாக்கப்பட்டது, ஃபேனை ஜெனரேட்டரில் சேர்க்கத் தேவையில்லை, முடிந்தது. மிஸ் லின் கெட்டவர் இல்லை. ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று அவரைத் தினமும் ஃபோனில் ஒருவர் மிரட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளிகள் பார்க்கப் பலகையில் ஒட்ட அந்தப் பதிலைப் பர்மியத்தில் எழுதித் தரச் சொன்னார். அதையும் எழுதினேன், என் கையாலேயே.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கூடி நின்று படித்தார்கள். பாக்கியமும் படித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டில் என் தட்டில் சோற்றை வைத்தாள். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் பர்மியத்தில்தான் நடக்கும். அன்றைக்கு அவள் தமிழில் கேட்டாள், திக்கித் திக்கி: “அண்ணே, நான் விழுந்தது மூணாந் தரமா? இன்னும் எத்தன பேரு விழுந்தா நெசம்னு எழுதுவீங்க?”

ஃபேன் இன்னும் ஜெனரேட்டரில் சேரவில்லை, அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள், நான் இன்னும் அந்த அட்டைக்குக் கீழேதான் வகுப்பு எடுக்கிறேன். இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, என்னை வாத்தியார் என்று சொல்லிக்கொண்டதைத் தவிர.