'ம்' கொட்டப் போன நாட்கள்

வத்தல் நெடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மாசி மாதம் வந்தால் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும். விவசாயக் கல்லூரியில் மேல்படிப்பு படிக்கும் பிள்ளைகள் அங்கேதான் கூட்டத்துக்கு முன்னால் பேசிப் பழக வருவார்கள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தும்மல்...

நண்பர்களே, நான் எழுதப் படிக்கக் கற்று இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. மெதுவாகத்தான் தட்டுகிறேன். ஆனால் இதைத் தட்டும்போது விரலுக்கே சிரிப்பு வருகிறது.

அந்தப் பிள்ளைகளின் பேராசிரியை எங்கள் வட்டாரத்து அம்மா. ஆராய்ச்சி செய்தால் போதாது, அதை வயலில் பாடுபடும் சம்சாரிக்குச் சொல்லத் தெரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். விளாத்திகுளத்தில் விவசாயிகள் கூட்டம் நடக்கும் முன்னால், நாகலாபுரம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் பிள்ளைகளை வேனில் அழைத்து வருவார். நாங்கள்தான் கேட்கிற ஆட்கள்.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு முன்வரிசை! திரையில் எதை எழுதிக் காட்டினாலும் எங்களிடம் பலிக்காது. வாயால்தான் சொல்லியாக வேண்டும். அந்த வரிசையில் உட்கார எனக்கு எவ்வளவு பெருமை...

எங்கள் பக்கம் ஒருவர் கதை சொன்னால் கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் சொல்பவரும் நிறுத்திவிடுவார். அந்த அம்மா அதையே பாடமாக்கிவிட்டார்.

"அண்ணாச்சி, புரிஞ்சா 'ம்' போடுங்க. புரியலன்னா வாயத் தொறக்கக் கூடாது. பாவம் பாத்துப் போட்டியன்னா பிள்ளதான் கெட்டுப்போவும்."

'ம்' நின்ற இடத்தில் பிள்ளை அதையே திரும்பவும் வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும்.

அப்படி வந்தவள்தான் சுகந்தி. வெளியூர்ப் பெண். சோள விதையை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால், மழை தள்ளிப்போனாலும் பயிர் தாங்கும் என்பது அவள் ஆராய்ச்சி. கல்லூரி மேடையில் இரண்டு தடவை பாதியிலேயே அழுதுகொண்டு இறங்கியவள். பேராசிரியை எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் பாதியில நின்னா, உன் ஆராய்ச்சிய வேற பிள்ளதான் பேசும்."

முதல் நாள் 'ஆஸ்மோட்டிக்' என்று ஆரம்பித்தாள். கூடத்தில் ஒரு 'ம்' கூட விழவில்லை. என் பக்கத்தில் இருந்த சிநேகிதன் கந்தையாதான் வாயைத் திறந்தான்.

"ஏ தாயி, நம்ம சோளத்தப் பத்தித்தான் பேசுதியா, இல்ல எவனயும் வையுதியா?"

அவளே சிரித்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க வந்தாள். மழைநாளில் கரிசல் சேற்றில் நடக்கிறவளைப்போல, ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரு அடி எடுத்து வைத்தாள். கடைசி நாள் எங்கேயும் நிற்கவில்லை.

வினை விளாத்திகுளத்தில் காத்திருந்தது.

கல்யாண மண்டபம். முன்னால் அதிகாரிகள், பின்னால் நாங்களும் பல ஊர் ஆட்களும். பெரிய மனிதர்கள் இருக்கும் சபையில் சத்தம் போடக் கூடாது என்று எல்லோரும் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தோம். சுகந்தி முதல் விஷயத்தைச் சொன்னாள். 'ம்' வரவில்லை. புரியவில்லை போல என்று, அதையே வேறு மாதிரி சொன்னாள். அப்போதும் வரவில்லை. மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது குரல் நடுங்கிவிட்டது.

மேடையோரம் நின்ற இன்னொரு மாணவன் சட்டையை இழுத்துச் சரிசெய்தான். பேராசிரியை அவனைப் பார்த்துத் தலையசைக்கப் போனார்...

கடைசி வரிசையிலிருந்து கந்தையா ஒரு 'ம்ம்ம்' போட்டான் பாருங்கள். எருமை தோற்றுவிடும்! மண்டபமே திரும்பியது.

"யோவ், என்னய்யா அது?" என்றார் ஒரு அதிகாரி.

"பிள்ள இம்புட்டு நேரமா சொல்லுதுல்லா... கேட்டுக்கிட்டு இருக்கோம்னு சொல்லாண்டாமா ஐயா?"

ஒரே சிரிப்பு. அடுத்து நான் போட்டேன். பிறகு எங்கள் ஊர் ஆட்கள். அப்புறம் முன்பின் தெரியாதவர்களும். சுகந்தி நிமிர்ந்தாள்.

"ஊறப்போட்ட வெத மொளச்சிராதாம்மா?" என்று யாரோ கேட்டார்.

"முளை வர்றதுக்குள்ள எடுத்து நிழல்ல காயப்போட்டுடணும் ஐயா. அவசரப்பட்டு வெயில்ல போட்டுடாதீங்க."

அவள் ஆராய்ச்சியை அவளே பேசி முடித்தாள். இறங்கியதும் நேராக எங்கள் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தை எழுத எனக்கு இன்னும் வார்த்தை பழகவில்லை.

கந்தையா இப்போது இல்லை. பேராசிரியை அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் ஊருக்கு வேன் வருவதில்லை.

சுகந்தி வேறு ஜில்லாவில் பேராசிரியை. போன வாரம் போனில் பேசினாள். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் இப்போது அறைக்குள் கேமராவைப் பார்த்துப் பேசிப் பழகுகிறார்களாம். ஒரு வீடியோவும் அனுப்பினாள். கீழே ஓடிய எழுத்தை நானே வாசித்தேன்! பிள்ளைகள் நன்றாகத்தான் பேசுகிறார்கள். எதிரே யாரும் இல்லாததுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

"கேக்க ஆளு வேணும்னா சொல்லு தாயி. நான் சும்மாதான் இருக்கேன். காலையில பஸ் ஏறுனா மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்றேன்.

"கண்டிப்பா வாங்க ஐயா" என்றாள்.

எந்த நாள் என்று சொல்லவில்லை... வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.