ஜெசிந்தா அக்காவின் நல்ல மரம்

“நோவு வந்தா மரம் சும்மா நின்னுகினு கீதா, இல்ல உள்ளுக்குள்ள மல்லுக்கு நிக்குதா?”

காய்ந்த கிளையை நறுக்கிவிட்டு, அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி ஜெசிந்தா அக்கா கேட்டார். பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு நான் அவருக்குக் கூடமாட வேலை செய்துகொண்டிருந்தேன்.

சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, பக்தவச்சலத்தின் தோட்டத்தில் நாற்பது எலுமிச்சை மரங்கள். பதினோரு வருடமாக அக்காதான் பார்க்கிறார். குத்திய முள்ளை ரவிக்கையில் மாட்டிய ஊக்கால் எடுத்து, அதே ஊக்கை அங்கேயே மாட்டிக்கொள்வார். காய்க்காத மரத்தை, “சோம்பேறி மூதி, துன்னுட்டு நிக்கிறியா?” என்று திட்டுவார். திட்டு வாங்கிய மரத்துக்குத்தான் ஒரு குடம் தண்ணீர் கூடுதல்.

இந்த வருடம் கிழக்கு வரிசையில் ஐந்து மரங்கள் இலை வெளுத்து, நுனியிலிருந்து காய்ந்தன. விவசாயக் கல்லூரியிலிருந்து ராமானுஜம் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். நோய் தாக்கினால் மரம் தன்னைக் காக்கச் சில புரதங்களைக் கூட்டிக்கொள்ளும் என்றார். “போலீஸ் மாதிரிம்மா.” ஒப்பிட்டுப் பார்க்க, நோயுற்ற மரத்தின் இலையும் நல்ல மரத்தின் இலையும் கேட்டார். இருப்பதிலேயே செழிப்பான மரத்தில் அக்கா பறித்துக் கொடுத்தார்.

பதினைந்தாம் நாள் ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். நல்ல மரத்திலும் அதே புரதம் ஏறியிருக்கிறது. வெளியே தெரியாமல் தோட்டம் முழுக்க நோய் பரவியிருக்கலாம்.

“எல்லாத்தியும் புடுங்கி எரிச்சிட்டு சவுக்கு வெச்சிடலாம்” என்றார் பக்தவச்சலம். அக்காவைப் பார்த்து, “உனக்கு இன்னாமே பயம்? சவுக்குக்கும் காவல் வேணும். நீயே இரு.”

அன்று முழுவதும் அக்கா எந்த மரத்தையும் திட்டவில்லை.

மறுநாள் காலை மரம் வெட்டும் கங்காதரன் கோடரியோடு வந்து, அந்த நல்ல மரத்தடியில்தான் முதலில் நின்றான்.

“ஓரம் போ யக்கா. ஒப்பாரி வெக்கப் போறியா?”

“இர்றா, அவசரத்துக்குப் பொறந்தவனே.” அக்கா, கூடவே வந்திருந்த முதலாளி பக்கம் திரும்பினார். “போலீஸ் வந்துகீதுன்னுதானே லெட்டர்ல போட்டுகீது? கொழாயடில தண்ணி இல்லாம சண்ட போட்டாகூட போலீஸ் வருது மொதலாளி. திருடன் வந்தாத்தானா?”

“இன்னா சொல்ற நீ?”

வேரைச் சுற்றி மண்ணை எடுத்து, தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டால், மறுபடி தண்ணீர் கண்டதும் எலுமிச்சை பூத்துத் தள்ளும். கோடைக் காய்க்காக இந்தப் பக்கத்தில் செய்வதுதான். ஆனால் போன வருடம் அப்படிச் செய்ததில் இரண்டு மரங்கள் பட்டுப்போயின. இனி எவர் வேரைத் திறந்தாலும் அன்றோடு வேலை போச்சு என்று பக்தவச்சலம் சொல்லியிருந்தார்.

அக்கா குனிந்து, மரத்தடியில் பரப்பியிருந்த சருகை இரு கையாலும் வாரி எறிந்தார். பள்ளத்தில் வேர்கள் வெறுமையாகக் கிடந்தன.

“எல குடுத்த அன்னிக்கு, இது தண்ணி பாத்து ஆறு நாளு. எல வாடல, அதான் எனக்கே தோணல. நாந்தான் நிறுத்தினேன். அந்தத் தவிப்புக்கே போலீஸ் வந்துச்சோ இன்னாவோ. வேற மரத்துல பறிச்சி இன்னொருவாட்டி பாக்கச் சொல்லு மொதலாளி.”

பக்தவச்சலம் வாய் திறப்பதற்குள், அக்கா தன் இடுப்பிலிருந்த பம்ப்செட் அறைச் சாவியை அவிழ்த்து வேரின் மேல் வைத்தார்.

எலுமிச்சை வைத்திருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். வெட்டுமுன், மரம் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்று அதைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.