பல் கட்டும் மேசையில் வார்த்த தண்டவாளம்

நான் பல் கட்டுகிறவள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பல் வைத்தியரின் கட்டடத்துக்குப் பின்பக்கம் எனக்கு ஓர் அறை இருக்கிறது. வைத்தியர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். நான் அதில் சாந்து வார்த்து, மெழுகில் முரசு, அதாவது ஈறு, பிடித்து, பல் அடுக்கி, கடைசியில் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் முழுச் செட்டாக்கிக் கொடுப்பேன். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. நன்றாகச் செய்வேன். நான் கட்டிய பல்லோடு இந்தக் குடாநாட்டில் எத்தனையோ பேர் முறுக்குக் கடிக்கிறார்கள்.

விளையாட்டுக் கட்டைகளில் ரயில் செய்ய எப்படித் தொடங்கினாய் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். சின்ன வயது ஆசையோ என்கிறார்கள். இல்லை. சின்ன வயதில் எங்கள் ஊரில் ரயிலே இல்லை. இணுவிலில் எங்கள் வளவுக்கு இரண்டு காணி தள்ளித்தான் பாதை போகிறது. ஆனால் நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அதில் தண்டவாளம் கிடையாது. யுத்தத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் என்கிற பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. ரயில் திரும்பி வந்தபோது எனக்கு முப்பதுக்குக் கிட்ட வயது. கல்யாணமும் முடிந்திருந்தது. வவுனியாவில் படிப்பிக்கும் என் கணவர் வெள்ளிக்கிழமைகளில் அதில் வரத் தொடங்கினார். எனக்கு ரயில் என்றால் அவர் வருகிற வண்டி, அவ்வளவுதான்.

கட்டைகள் வந்தது வேறு வழியாக. லண்டனில் இருக்கும் மச்சாள் வீடு மாறும்போது வேண்டாத சாமான்களை ஒரு பெரிய பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினாள். கம்பளிகள், ஒரு தையல் மெசின், பீங்கான் தட்டுகள். தட்டுகள் உடையாமலிருக்க இடையிடையே பொலித்தீன் பைகளைச் செருகியிருந்தாள். பைகளுக்குள் பிளாஸ்டிக் கட்டைகள். மேலே குமிழ், கீழே குழி, ஒன்றின்மேல் ஒன்றை அழுத்திப் பொருத்துகிற வகை. அவளுடைய பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டார்கள்.

தொலைபேசியில் கேட்டேன். "இந்தக் கட்டையளை என்ன செய்ய மச்சாள்?"

"அது சும்மா இடைவெளி அடைக்கப் போட்டது. பக்கத்திலை ஆற்றையும் பிள்ளையளுக்குக் குடு."

"ஓம், குடுக்கிறன்" என்றேன். கொடுக்கவில்லை.

காரணம் சின்னது. பையைக் கட்டுமுன் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று அழுத்திப் பார்த்தேன். இடைவெளி இல்லை, ஆட்டம் இல்லை. இழுத்தால் மட்டும் கழன்றது. என் தொழிலில் இப்படி ஒரு பொருத்தம் கிடைக்க அரை நாள் அரத்தால் ராவவேண்டும். இங்கே கை வைத்தவுடன் கிடைத்தது. அன்று சமையல் பிந்திப் போனது.

மூன்றாவது பையில் தண்டவாளத் துண்டுகள் இருந்தன. சில்லுகளோடு ஒரு ரயில்பெட்டியின் அடித்தட்டும் இருந்தது. நேர்த்துண்டு நாலு, வளைவுத்துண்டு பதினொன்று. நாலு வளைவு சேர்ந்தால் கால் வட்டம் வந்தது. அப்படியானால் முழு வட்டத்துக்குப் பதினாறு வேண்டும். ஐந்து குறைந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கணவர் வந்து பையை இறக்காமலே சாப்பாட்டு மேசையைப் பார்த்தார்.

"என்ன உது?"

"தண்டவாளம்."

"ஆருக்கு?"

"எனக்கு."

அவர் பையை வைத்துவிட்டு ஒரு விரலால் அடித்தட்டைத் தள்ளினார். அது வளைந்து வளைந்து போய்ப் பாதை முடிந்த இடத்தில் விழப்பார்த்தது. மறு கையால் பிடித்துக்கொண்டார். "மிச்சத்தையும் தேடி எடும்" என்றார். பிறகு போய், ஆட்கள் போய்வருகிற ஒழுங்கைப் பக்கத்து யன்னலைப் பாதி சாத்தினார். 

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வைத்தியம் பார்த்தோம், கோயிலில் நேர்த்தி வைத்தோம். பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் இருந்து கதைத்து, இனிப் போதும் என்று முடித்துக்கொண்டோம். நாங்கள் முடித்துக்கொண்டது ஊருக்குத் தெரியாது. பிள்ளையில்லாத வீட்டு மேசையில் விளையாட்டுச் சாமானைக் கண்டால் என்ன கதைப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நகரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வளைவுத்துண்டு கேட்டபோதும் அதுதான் நடந்தது. "என்ன வயசுப் பிள்ளைக்கு மிஸ்?" என்றார் கடைக்காரர். நான் வெளியே வந்துவிட்டேன். வந்து பஸ்ஸில் ஏறின பிறகுதான் என்மேலேயே கோபம் வந்தது. கடையில் கேட்பானேன்? வார்ப்பதுதானே என் வேலை.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வளைவுத்துண்டை மேசையில் வைத்து, பல்லுக்கு அச்செடுக்கும் பசையில் அச்செடுத்தேன். செட்டுக்குப் பாவிக்கும் பிளாஸ்டிக் பொடியையும் திரவத்தையும் குழைத்து அதில் ஊற்றினேன். என்னிடம் இருந்தது முரசு நிறம் மட்டும்தான். ஒரு மணித்தியாலத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு தண்டவாளம் கையில் வந்தது. பார்க்க அழகு. பொருத்தினால் பொருந்தவில்லை.

இந்த இடத்தில்தான் உரும்பிராய் அண்ணை வருகிறார். அவர் அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறவர். தோட்டக்காரரின் நீர்ப்பம்புகளுக்குத் தண்டு கடைந்து கொடுப்பவர். மேல்வாய்ச் செட் இரண்டாய் உடைந்துபோக, அதைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு நேரே என் அறைக்கே வந்துவிட்டார். நான் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருக்க, அவர் மேசையில் கிடந்த இளஞ்சிவப்புத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது ஆற்றை வாய்க்குத் தங்கச்சி?" என்றார், பல்லில்லாத வாயால்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாய்க்கில்லை அண்ணை. ரயிலுக்கு."

அவர் சிரிக்கவில்லை. எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மற்றதையும் கேட்டு வாங்கி இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். "இது குறையுது. தலைமயிரளவு, ஆனால் குறையுது."

"இறுகேக்கை சுருங்கும் அண்ணை. செட்டுக்கும் அப்பிடித்தான்."

"செட்டுக்கு என்ன செய்வியள்?"

"கொஞ்சம் கூட்டி ஊத்திப்போட்டு ராவுவன்."

"அப்ப இதுக்கும் அதைச் செய்யுங்கோவன்." சொல்லிவிட்டு ஒட்டிய செட்டை வாங்கி மாட்டி, இரண்டு தரம் கடித்துப் பார்த்துத் தலையாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பினார். "மோட்டர் இருக்கோ?"

"இல்லை."

"என்னட்டை ஒரு பழைய பிரிண்டரின்ரை மோட்டர் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை உங்கடை வீட்டை கொண்டுவாறன்."

ஐந்து துண்டும் அந்தக் கிழமையே முடிந்துவிட்டன. முனையில் கூட்டி வார்த்து, அரத்தால் ராவி, செட்டை மினுக்குவதுபோல மினுக்கியும் விட்டேன். பதினொரு சாம்பல் துண்டும் ஐந்து இளஞ்சிவப்புத் துண்டும் சேர்ந்து மேசையில் வட்டம் மூடியது. பொருந்தின இடத்தில் விரலால் தடவினேன். தட்டுப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை மோட்டரோடும் மனைவியோடும் வந்தார். அக்காவுக்குப் பிறந்த ஊர் நீர்வேலி. வரும்போதே ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தா. கணவன் வேறொரு பெண்ணின் வீட்டுக்குப் பிளாஸ்டிக் ரயில் ஓட்டப் போவதாகச் சொன்னால் எந்த மனைவியும் கூடத்தான் வருவாள். வந்து பார்த்ததும் அவவுக்குச் சந்தேகம் தீர்ந்தது, ஆனால் வேறொரு கேள்வி பிறந்தது. நான் செய்து வைத்திருந்த நீலப் பெட்டியைத் தூக்கிக் கூரையைக் கழற்றினா.

"உதுக்குள்ளை ஆக்கள் எங்கை இருக்கிறது?"

பெட்டி ஆறு குமிழ் அகலம். பையில் வந்த அடித்தட்டு அந்த அளவு. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"அடித்தட்டு ஆறுதானே அக்கா."

"எங்கடை ரயிலிலை இஞ்சாலை ஒரு சீற், அங்காலை ஒரு சீற், நடுவிலை வடை விக்கிறவர் போவார். இதிலை வடைக்காரர் என்னெண்டு போறது?"

"உங்களுக்கு ரயிலிலை போனால் வடைதான்" என்றார் அண்ணை. ஆனால் அவரும் பெட்டியை எடுத்து உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். அவ சொன்னது சரி. சுவரை விட்டால் உள்ளே நாலு குமிழ்தான். இரண்டு பக்கமும் பொம்மை ஆட்களை இருத்தினால் நடுவில் ஒன்றுமில்லை. அண்ணை எட்டு என்றார். எட்டானால் வளைவில் முட்டும் என்றேன் நான். அவர் முட்டாமல் செய்யலாம் என்றார். முழுப் பின்னேரமும் இதே கதை. கடைசியில் அக்கா எழும்பி, "உண்மையானதை அளந்து பாருங்கோவன்" என்றா.

அடுத்த சனிக்கிழமை நானும் அக்காவும் இணுவிலில் ரயில் ஏறினோம். காங்கேசன்துறை வரைக்கும் அரை மணித்தியாலம்கூட இல்லை. நான் தையல் நாடாவை எடுத்தேன். ஒரு முனையை அக்கா யன்னலோடு பிடித்தா. மற்றப் பக்கம் நாடா போகவில்லை, அதனால் இரண்டு தரமாக அளக்க வேண்டியிருந்தது. நடுவில் குறித்த இடத்தை, கத்தரிக்காய்க் கடகத்தோடு இருந்த ஒரு அம்மா கேட்காமலே விரல் வைத்துப் பிடித்தா.

"என்ன பிள்ளையள், கலியாணப் பந்தலோ?"

"இல்லை அம்மா. ரயில் செய்யிறம்."

"இதுதானே ஓடுது, பிறகென்ன?" என்றா. ஆனால் விரலை எடுக்கவில்லை.

ஒன்பதடியும் சொச்சமும் வந்தது. இந்த நாட்டுத் தண்டவாளம் அகலமானது, பெட்டியும் அகலமானது. பொம்மை ஆளின் உயரத்தோடு கணக்குப் பார்த்தபோது எட்டுக் குமிழுக்குக் குறையவே முடியாது. ஒத்துக்கொண்டேன். பிழை விட்டால் அச்சை உடைத்துப்போட்டுப் புதிதாக வார்க்கவேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எட்டுக் குமிழ்ப் பெட்டி, நான் சொன்னபடியே வளைவில் முட்டியது. அண்ணை சில்லுகளைப் பெட்டியின் நடுவை நோக்கி இரண்டு குமிழ் தள்ளி வைக்கச் சொன்னார், முட்டல் நின்றது. மோட்டரை எஞ்சினுக்குள் வைத்து முதல்தரம் ஓட்டியபோது அது ஒரு சுற்றுக்கூடப் போகவில்லை. வளைவில் பறந்து, கதிரையில் பட்டு, விறாந்தை வரைக்கும் கட்டை கட்டையாய்ச் சிதறியது. மூன்று பேரும் நிலத்தில் தவழ்ந்து பொறுக்கினோம். மறு கிழமை அண்ணை பித்தளையில் ஒரு சின்னக் கப்பி கடைந்து கொண்டுவந்து, ரப்பர் வளையம் போட்டு வேகத்தைக் குறைத்தார்.

அன்று ஓடியது. எஞ்சின், பின்னால் மூன்று நீலப்பெட்டி. நடுப்பெட்டியில் வடைக்காரர். வட்டத்தை ஒருதரம் சுற்றி வந்து என் கைக்கு முன்னால் போனபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கணவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, நாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தாவது சுற்றோ என்னவோ, எழும்பிப் போய் யன்னலை விரியத் திறந்தார்.

"புழுங்குது" என்றார்.

பொங்கலுக்கு அடுத்தநாள் எங்கள் ஊர் வாசிகசாலையில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு ரயிலை ஓட்டினோம். வாசிகசாலைக்காரர் கேட்டவுடன் சரி என்றுவிட்டேன்.  சனம் வந்தது. சிறுவர்களைவிடப் பெரியவர்கள்தான் மேசையை விடாமல் நின்றார்கள். அப்போது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அக்கா, பக்கத்தில் நின்றவவிடம் எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னா: "பாவம், ஒரு பிள்ளை குட்டி இல்லை. அதுதான் உப்பிடி."

எட்டு வருடமாக இந்தப் பேச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனவள் நான். அன்று குனியவில்லை. ரயிலை நிற்பாட்டினேன்.

"ஓம் அக்கா, பிள்ளை இல்லை. ஆனால் ரயில் அதாலை இல்லை. நான் பல்லும் கட்டுறன், அதுவும் அதாலையோ? எனக்கு இது பிடிச்சிருக்கு. செய்யவும் தெரியும். அதுதான் செய்யிறன்."

 அந்த அக்காவின் முகம் சிவந்துபோனது. அவவை வெட்கப்படுத்த வேண்டுமென்று எனக்கு இருக்கவில்லை. ரயிலை ஓட்டும் ஆளியை, அந்தச் சுவிட்சை, அவவின் கையில் கொடுத்தேன். "இந்தாங்கோ, நீங்களே ஓட்டிப் பாருங்கோ. இஞ்சாலை தள்ளினால் முன்னுக்கு, அங்காலை தள்ளினால் பின்னுக்கு."

அவ தயங்கித்தான் வாங்கினா. முன்னுக்குத் தள்ளினா, பின்னுக்குத் தள்ளினா, ஒருதரம் கவிழ்த்தும் விட்டா. "ஐயோ பிள்ளை!" என்று கத்தினா. அண்ணை நிமிர்த்தி வைத்தார். பிறகு ஆளியைத் திருப்பி வாங்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது.

அன்று வந்தவர்களில் இரண்டு பேர் பிறகு எங்களோடு சேர்ந்தார்கள். அவர்கள் மூலம் இன்னும் இரண்டு பேர். இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் ஏழு பேர் கூடுகிறோம். சாவகச்சேரியிலிருந்து வருகிறவருக்குப் பாலம் மட்டும்தான் வேண்டும். கோப்பாயிலிருந்து வரும் வங்கி உத்தியோகத்தருக்கு ரயிலே பிடிக்காது. அவ ஸ்டேசன்கள்தான் கட்டுவா. கட்டைகளுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டிலிருக்கும் எல்லாருடைய வீட்டிலும் ஒரு பை சும்மா கிடக்கிறது, கேட்டால் அனுப்புகிறார்கள். அண்ணை பல்சக்கரம் கடையப் பழகிவிட்டார். நிறம் பிரித்து அடுக்குவதில் நீர்வேலி அக்காவை வெல்ல ஆளில்லை.

போன மாதத்திலிருந்து இணுவில் ஸ்டேசனில்தான் நிற்கிறோம். மேடை முடிந்தது, கூரை முடிந்தது, பெயர்ப்பலகை மிச்சம். பெயரைக் குமிழ் குமிழாக அடுக்கி எழுதுகிறோம். 'இ' சுகமாக வந்தது. 'வில்' வந்தது. 'ணு' மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் பலகைக்கு வெளியே போகிறது. கோப்பாய் உத்தியோகத்தர் எழுத்தைச் சுருக்கலாம் என்கிறா. சுருக்கினால் அது 'ணு' மாதிரி இருக்காது. அதனால் பலகையை இரண்டு குமிழ் நீட்டுகிறோம். பலகை நீண்டால் மேடையும் நீளவேண்டும். வாற ஞாயிறு மேடையைக் கழற்றுகிறோம்.