பெட்டிக்குள் வைத்த முதல் சீட்டு

அப்பாடாவுக்கு நான் பதினெட்டாயிரம் பாக்கி வைத்திருந்தேன். ஏழு மாதம் வைத்திருந்தேன். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயரைச் சொன்னால் ஹார்டுவேர் கடைக்காரன் எழுந்து நிற்பான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஏணி தூக்கி, சுவர் சுரண்டி, இன்றைக்கு நாற்பது பேரை வைத்துப் பெயின்ட் வேலை எடுத்துச் செய்கிறேன். யார் தயவும் கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு பெட்டிக்காரர் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

அப்பாடா என்பது கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர். இரும்புப் பெட்டி விற்பார், பழுதும் பார்ப்பார். வயது ஐம்பத்தைந்துதான், பார்த்தால் எழுபது. எங்கே போனாலும் முதலில் உட்கார இடம் தேடுவார். உட்கார்ந்ததும் "அப்பாடா" என்பார். எழுந்து நாலடி நடந்து மறுபடி உட்கார்ந்தால் இன்னொரு அப்பாடா. சின்ன வயதில் பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்து, இரண்டு தகட்டுக்கு நடுவே கலவை குழைத்து அடைக்கும் வேலை பார்த்தாராம். பத்து வருஷம் கழித்து முதலாளி தொழிற்சாலையை மூடினார். சம்பளப் பாக்கிக்குப் பதிலாகக் கதவு மாட்டாத பதினோரு பெட்டிகளைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவற்றை ஏற்றி இறக்கியதில் அப்பாடாவின் வலது தோள் இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. அந்தக் கையைத் தூக்க வேண்டுமென்றால் இடது கையால் முழங்கையைத் தாங்கித்தான் தூக்குவார். அதோடுதான் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறார்.

எனக்கு எதற்குப் பெட்டி? ஒன்பது வருஷத்துக்கு முன் என் கிடங்கில் தின்னர் டின் தீப்பிடித்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காகிதமெல்லாம் இரும்பு பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று தீயணைப்புக்காரர்களிடமே பெருமையடித்தேன். பீரோ நின்றது. திறந்தால் உள்ளே எல்லாம் கருஞ்சருகு. அளவு எழுதிய நோட்டுகள், ஒப்பந்தங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை. விஷயம் தெரிந்ததும், எனக்குப் பாக்கி வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதில் ஒருவர் என்னை வாசலிலேயே நிற்கவைத்து, "பாக்கியா? சீட்டு இருந்தா கொண்டா" என்றார். வேறொருவனாக இருந்தால் அத்தோடு படுத்திருப்பான். நான் எழுந்தேன். ஆனால் அந்த எழுச்சியில் என் முழங்கால் இரண்டும் போய்விட்டன.

முழங்காலுக்காகத்தான் போன வருஷம் ஆபீஸை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தேன். கணக்கு வழக்கெல்லாம் மருமகள் கையில். ஒருநாள் அவள் சொன்னாள்: "மாமா, இவ்வளவு காகிதத்தை மர அலமாரில வெச்சிருக்கோம். எனக்குத் தூக்கமே வரல. நெருப்புக்குத் தாங்குற பெட்டி ஒண்ணு வாங்கிடலாம்."

இரண்டு பேரும் அப்பாடா கடைக்குப் போனோம். வாசலோரம் நின்ற பெட்டிதான் முதலில் என் கண்ணில் பட்டது. ஆளுயரம், கறுப்புப் பளபளப்பு, எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு, கப்பல் ஓட்டுவது மாதிரி ஒரு கைப்பிடி.

"இதைப் போடு தம்பி" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "அது உங்களுக்கு வேணாம்ண்ணே."

"எங்கிட்ட காசு இருக்காதுன்னு பாக்கறியா?"

"காசு இருக்கும். தீப்பிடிச்சா உள்ள காகிதம் இருக்காது."

முனகிக்கொண்டே எழுந்துவந்து விரல் முட்டியால் அந்தப் பெட்டியைத் தட்டினார். ணங்கென்றது. "ரெண்டு தகடு, நடுவுல காத்து. திருடனுக்குன்னு செஞ்சது. வெளிய நெருப்பு எரிஞ்சா உள்ள அடுப்புதான்." பிறகு மூலையில் கிடந்த, இடுப்பு உயரச் சாம்பல் நிறப் பெட்டியைத் தட்டினார். தொப்பென்றது. "இதுல நடுவுல கலவை. கலவைக்குள்ள ஈரம் இருக்கு. சூடு ஏறினா அந்த ஈரம் ஆவியாகிச் சூட்டை உள்ள விடாது. ஒரு மணி நேரம் தாங்கும்."

"பென்டிரைவ் வைக்கலாமா?" என்று கேட்டாள் மருமகள்.

"வேணாம்மா. காகிதம் தாங்குற சூட்டை அது தாங்காது. அதுக்கு வேற பெட்டி, விலை ரெண்டு மடங்கு. அதை வேற எங்கயாவது ஒரு நகல் எடுத்து வெச்சுடுங்க, போதும்."

"ஏம்பா, விக்க உக்காந்துட்டு எதைக் கேட்டாலும் வேணாம் வேணாம்னா எப்ப பொழைக்கப் போற?"

"அதான் பாக்கறீங்களேண்ணே" என்று தன் கடையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். "அப்பாடா."

விலை நாற்பத்தைந்தாயிரம். இருபத்தேழு கையில் கொடுத்தேன். மீதி அடுத்த மாதம் என்று பேச்சு. மறுநாள் அவரும் அவர் மச்சானும் இரண்டு சுமை ஆட்களும் வந்து பெட்டியை முன்னறையில் இறக்கித் தரையோடு போல்ட் போட்டார்கள். வேலை முடிந்ததும் அப்பாடா ஒரு தாளில் பாக்கித் தொகையை எழுதி, அதற்குக் கீழே இன்னும் நாலைந்து வரி எழுதி நீட்டினார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கண்ணே."

"படிச்சுப் பாத்தவன்லாம் இன்னும் பாத்துக்கிட்டே இருக்கான். நான் வீடு கட்டிட்டேன்" என்று சொல்லி, வால் நீண்ட என் கையெழுத்தைப் போட்டேன்.

அவர் அந்தத் தாளைத் தன் பையில் வைத்துக்கொள்ளவில்லை. புதுப்பெட்டியின் மேல்தட்டில் வைத்தார். "என் கடை ஒழுகுது. அதனால பாக்கிச் சீட்டை வித்த பெட்டிலேயே முதல் காகிதமா வெச்சுடறது. முப்பது வருஷப் பழக்கம். இதைவிடப் பத்திரமான எடம் எங்க இருக்கு?" வாரத்துக்கு ஒருநாள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். போன் அடித்தது, நான் போய்விட்டேன்.

அடுத்த மாதம் எனக்கு வரவேண்டிய இரண்டு பில் தள்ளிப்போனது. அதற்கு அடுத்த மாதமும் அப்படித்தான். அப்பாடா இரண்டு தடவை வந்தார். படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "அடுத்த மாசம் பாக்கலாம் தம்பி" என்றதும் தலையாட்டிவிட்டுப் போனார். அப்படி யாரையும் அலையவிட்டவன் இல்லை நான். என்னமோ, உடம்பும் மனசும் ஓய்ந்துபோன வருஷம் அது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டினேன். காகிதங்களை உள்ளே அடுக்கிப் பூட்டிய அன்றே சாவியை என் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டேன். மருமகளிடம்கூடக் கொடுக்கவில்லை. அதன்பின் ஒருநாளும் திறக்கவும் இல்லை. திறக்காமல் இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்தேன்.

மழை பிடித்துக்கொண்ட ஏழாவது மாதம், பழைய ஒப்பந்தம் ஒன்று தேவைப்பட்டுத் திறந்தேன். குப்பென்று ஈரச்சாக்கு நாற்றம். காகிதமெல்லாம் நமுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் பச்சையாகப் பூசணம். முன்பு நெருப்பு தின்றதை இப்போது ஈரம் தின்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அப்பாடா படியேறி வந்தார்.

"அண்ணே, மூணு மாச வாடகை நிக்குது. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள குடுக்கலேன்னா கடையைப் பூட்டிடுவேன்னு கட்டடக்காரர் சொல்லிட்டார். அந்தப் பதினெட்டு வந்தா..."

"பூட்டு விக்கிறவன் கடைக்கே பூட்டா? நல்லா இருக்குய்யா! ஓட்டைப் பெட்டியைத் தலையில கட்டிட்டுப் பாக்கி வேற கேக்கறியா? பாக்கியா? சீட்டு இருந்தா கொண்டா."

"சீட்டு உங்க பெட்டிலதானேண்ணே இருக்கு."

"அப்ப எங்கிட்ட இருக்குங்கறதுக்கு ஒரு சீட்டு கொண்டா."

அவர் படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அப்பாடா என்று சொல்லவில்லை. பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து போய்விட்டார்.

மருமகள் காகிதங்களைத் தரையில் பரப்பி, மின்விசிறியைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கூப்பிட்டாள்.

"மாமா, இதைக் கேளுங்க. 'வாரத்துக்கு ஒருநாள் கால் மணி நேரம் கதவைத் திறந்து வைக்கவும். காகிதத்தை உறையில் போட்டு வைக்கவும். பூட்டியே வைத்தால் பெட்டிச் சுவரின் ஈரம் காகிதத்தில் இறங்கும்.' இதுக்குக் கீழ ஒரு கையெழுத்து இருக்கு. வால் இவ்வளவு நீளம். யாரோடது மாமா?"

நான் குனிந்து பார்த்தேன். மேல் வரியில் பதினெட்டாயிரம் பூசணத்துக்கு நடுவிலும் தெளிவாகத் தெரிந்தது.

"கிழிச்சுப் போட்டுடவா?" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. "அவர்கிட்ட வேற காகிதம் கிடையாது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அன்னைக்கு அந்த வீட்டுக்காரரும் இப்படித்தான் சொன்னாராமே. நீங்கதான் எங்க எல்லாருக்கும் நூறு தடவை சொல்லியிருக்கீங்க."

ஒரு மூச்சு நேரம் என் கை அந்தத் தாளை நோக்கிப் போனது உண்மை. எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அந்தக் கையைத் திருப்பிச் சட்டையை எடுத்து மாட்டினேன்.

வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச நடந்தே போனேன். கடை வாசலில் கட்டடக்காரரின் ஆள் புதுப்பூட்டோடு நின்றிருந்தான். அப்பாடா உள்ளே தன் கருவிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்போனார்.

"உக்காரு தம்பி" என்றேன். "சீட்டு கொண்டாந்திருக்கேன்."

தாளைப் பிரித்து அவர் முன்னால் இருந்த பெட்டிமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"பூசணம் புடிச்சிருக்கு" என்றார்.

"நான்தான் திறக்கல. நீ எழுதினதைப் படிக்கல. வாய்க்கு வந்ததையும் பேசிட்டேன். கையை நீட்டு."

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கி, உள்ளங்கையை விரித்தார். தகட்டு விளிம்பு கீறிய தழும்புகள், அவற்றில் போகாத துருக்கறை. பூட்டோடு நின்றவனுக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டு எண்ணியபடி, ஐந்நூறு ஐந்நூறாக, முப்பத்தாறு நோட்டையும் அந்தக் கையில் வைத்தேன்.