மூக்கருகே நின்ற கை

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்துவிட்டேன். படங்களில் ஆட்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் அடியாள் அவர்தான். தடித்த கழுத்து, பிளந்த புருவம். வலது கை விரல் முட்டிகளை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த முட்டிகளில் ஒரு கீறல்கூட இல்லை.

"நிஜமாவே அடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா சார் நீங்க! மூஞ்சிகிட்ட போனதும் கை நின்னுடணும். பட்டுச்சுன்னா அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. அதான் தொழிலு."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தின நாள் ஆண்டர்சன்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போனதைச் சொன்னார். மாப்பிள்ளை அவள் தலைமுடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தானாம். அவள் வாயெல்லாம் ரத்தமாம்.

"கொன்னுடணும்னுதான் சார் ஓங்கினேன். கை அவன் மூக்குகிட்ட போயி நின்னுடுச்சு. மறுபடி ஓங்கினேன். மறுபடியும் நின்னுடுச்சு. இத்தனை வருஷப் பழக்கம். அவன் சிரிக்கிறான் சார்."

"அப்புறம்?"

"எம்பொண்ணு குக்கர எடுத்து அவன் தாடையில ஒரே போடு போட்டா. பல்லு கொட்டிச்சு. அவளுக்கு நிறுத்தத் தெரியாது சார்."

"இப்ப எங்க இருக்காங்க?"

பக்கத்து வரிசையைக் காட்டினார். உதடு வீங்கிய ஒரு பெண், துணிப்பையில் தலை வைத்து அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் மட்டும் இறங்கும்வரை தூங்கவில்லை. அந்த முட்டிகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.