சுரண்டாத சுவர்

அந்தப் பெயின்டரை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறினால் இறங்கும்வரை விசிலடித்துக்கொண்டே இருப்பார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை: பழைய சுவரைச் சுரண்டாமல் பிரஷைத் தொடமாட்டார். மேலாக ஒரு கோட் அடித்தால் போதும் என்ற வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. மேல் முன்பல் ஒன்று ஆடியது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்கு விசிலும் போய்விடும், பெயரும் போய்விடும். டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் கையில் போன் இருக்கும்போது டாக்டர் எதற்கு? மஞ்சளில் இருக்கும் சத்து வீக்கத்தை வற்றவைக்குமாம். கிரீன் டீயில் இருப்பது கிருமியை விரட்டுமாம். மாதுளைத் தோலுக்கு இல்லாத பெருமையே இல்லை. ஒரே வாரத்தில் தாவரவியல் பேராசிரியர் ஆகிவிட்டார். காலையில் மஞ்சள் பூச்சு, மத்தியானம் மாதுளைத் தோல் கஷாயம், சாயங்காலம் கிரீன் டீ கொப்பளிப்பு. வாஷ்பேசின் மஞ்சளானது, பனியன் மஞ்சளானது, தலையணை உறையும் மஞ்சளானது. ஈறு மட்டும் சிவப்பை விடவில்லை.

ஒருநாள் ஏணி மேலிருந்து விசிலுக்குப் பதில் வெறும் காற்று வந்தது. கீழே நின்ற கொத்தனார், "என்னண்ணே, டயர் பஞ்சரா?" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் மஞ்சளை இன்னும் கெட்டியாகக் குழைத்தார். மனைவி டார்ச்சை எடுத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னார். பல்லுக்குப் பின்னால், பழைய குழாயடியில் உப்புப் படிந்ததுபோல் கல் கட்டியிருந்தது.

"அடியில இவ்ளோ அழுக்கு கெட்டிப்பட்டு நிக்குது. அதுமேல கோட் கோட்டா அடிச்சுக்கிட்டிருக்கீங்க. இதே ஊரான் வீட்டுச் சுவரா இருந்தா விடுவீங்களா?"

பேராசிரியர் மஞ்சள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாளே பல் டாக்டரின் நாற்காலியில் கிடந்தார். செடிகொடிகள் மேல் டாக்டருக்கும் கோபம் இல்லை. வீக்கம் குறைய அவை கொஞ்சம் உதவலாம், ஆனால் கட்டிய கல்லை எந்த இலையும் எடுக்காது என்று சொல்லிவிட்டுச் சுரண்டத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்கச் சுரண்டியவர் அன்றுதான் சுவரின் கஷ்டத்தை அறிந்தார்.

பல் பிழைத்தது. கல் போன சந்தில் காற்று புகுந்து விசிலுக்கு இரண்டாவது குரலும் சேர்ந்துகொண்டது. எப்படிக் குணமானது என்று யார் கேட்டாலும், "எல்லாம் கிரீன் டீதான்" என்பார். மனைவி அந்த மஞ்சள் தலையணை உறையை எடுத்துக் காட்டுவார். உடனே அவருக்கு ஏதாவதொரு சுவர் ஞாபகம் வந்துவிடும்; வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.